நெல் காயும் சாலையில் சைக்கிள்: தலைக்கு ஏற்ற ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது இந்த மாதிரிச் சாலையில் ரோடு சைக்கிள் (மெல்லிய டயரும் கீழே வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள வேகச் சைக்கிள்) ஓட்டுகிறவருக்கு என்னென்ன காத்திருக்கும் என்று பாருங்கள். பாலத்து இணைப்பில் இடுக்கு, வயலிலிருந்து ஏறிய அறுவடை இயந்திரம் உதிர்த்துவிட்டுப் போன களிமண், பாதிச் சாலையை அடைத்துக் காயும் நெல், அதைச் சுற்றி வரிசையாக வைத்த கருங்கல், காற்றில் பறந்து வந்து படிந்த வைக்கோல். 25 அல்லது 28 மில்லிமீட்டர் டயர் நெல்மணியின் மேல் ஏறிய நேரத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் அப்படியே வழுக்கும். வண்டி ஒரு பக்கம் சரியும். கையை ஊன்றுவதற்குள் தோள் தரையில் படும், அடுத்தது தலை.

சைக்கிள் ஹெல்மெட் செய்யப்படுவதே இப்படிப்பட்ட விழுகைக்குத்தான். வேறு வண்டி எதுவும் மோதாமல், ஓட்டுகிறவர் தானாகச் சறுக்கி, இருந்த உயரத்திலிருந்து தலை தரையில் படுவதற்கு. ஐரோப்பியச் சோதனையில் ஹெல்மெட் மாட்டிய தலை வடிவப் பொம்மையைச் சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்புப் பட்டறைமேல் போடுகிறார்கள். தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர். "நான் முப்பதில் போகிறேனே, இருபதுக்குச் சோதித்த ஹெல்மெட் என்ன செய்யும்?" என்று கேட்கத் தோன்றும். முன்னோக்கிப் போகும் வேகம் பெரும்பாலும் சறுக்கலாகவும் சிராய்ப்பாகவும் செலவாகும். தலை செங்குத்தாகத் தரையில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது அது இருந்த உயரம். அந்த உயரம் உங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். எதிரே வரும் பேருந்தோ நெல் லாரியோ நேராக மோதுவது வேறு கணக்கு. அதற்கு எந்தச் சைக்கிள் ஹெல்மெட்டும் உறுதி கொடுக்க முடியாது. அதை நம்பி லாரிக்குப் பக்கத்தில் நெருக்கி ஓட்டக் கூடாது.

உள்ளே இருப்பது தெர்மாகோல்தான்

வெளியே பளபளக்கும் ஓடு மெல்லிய பாலிகார்பனேட் தகடு. கற்களின் மேல் சிக்காமல் வழுக்கிப் போகவும் உள்ளே இருப்பது சிதறாமல் பிடித்து வைக்கவும்தான் அது. உண்மையான வேலை, அதன் அடியில் இருக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தெர்மாகோலுக்கு. டி.வி. பெட்டிக்குள் வருகிற அதே இனம், அதைவிட நன்றாக அடர்த்தியாக வார்த்தது. மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்குவதற்கு ஆகும் அந்தச் சில மில்லி விநாடிகளில் தலையின் வேகம் குறைந்து நிற்கிறது. அது இல்லாவிட்டால் தார்ச்சாலையில் பட்ட மாத்திரத்தில் தலை சட்டென்று நின்றுபோகும், உள்ளே மூளை நிற்காது.

ஒரு முறை நசுங்கிய தெர்மாகோல் மறுபடி எழும்பாது. நல்ல அடி ஒன்றுக்குத்தான் ஹெல்மெட்.

இதைத் தெரிந்துகொண்டால் கடையில் பாதி ஏமாற்றுகளைத் தாண்டிவிடலாம். சாலையோரத்தில் தொங்கவிட்டு விற்கிற சில ஹெல்மெட்டுகளில் கெட்டியான பிளாஸ்டிக் ஓடும் அதற்குள் மெத்தென்ற ஸ்பாஞ்சும் மட்டும் இருக்கும். போட்டால் சுகமாக இருக்கும். ஆனால் விரலால் அழுத்தினாலே அடி வரை அமுங்குகிற ஸ்பாஞ்ச் தலையை எங்கே நிறுத்தும்? உள்ளே ஒட்டியிருக்கும் 'பேட்' என்ற மெத்தைத் துண்டை ஒரு ஓரத்தில் பிரித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ கறுப்பாகவோ தெர்மாகோல் மணிகள் நெருக்கமாக ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்து ஓட்டின் விளிம்பைப் பாருங்கள். ஓட்டையும் தெர்மாகோலையும் ஒரே அச்சில் சேர்த்து வார்த்ததை 'இன்மோல்டு' என்பார்கள். இரண்டும் ஓர் உடம்பாக இருக்கும், நகத்தை விட்டாலும் பிரியாது. மலிவான வகையில் ஓட்டைத் தனியாகச் செய்து பசையாலும் விளிம்பு டேப்பாலும் ஒட்டியிருப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு அந்த டேப் முதல் கோடையிலேயே தூக்கிக்கொள்ளும். ஓடு கழன்றுபோனால் தெர்மாகோல் நேரடியாகத் தாரைக் கவ்வும், வழுக்க வேண்டிய தலை பிடித்துத் திருப்பப்படும், கழுத்துக்கு ஆபத்து.

முத்திரையை எப்படிப் படிப்பது

உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் தேட வேண்டியது மூன்றில் ஒன்று: ஐரோப்பாவின் இ.என். 1078, அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி., ஆஸ்திரேலியா–நியூசிலாந்தின் ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 2063. அமெரிக்க விதியில் தட்டைப் பட்டறைச் சோதனை 2 மீட்டர் உயரத்திலிருந்து. அங்கே 1999 மார்ச்சுக்குப் பிறகு தயாரான எல்லாச் சைக்கிள் ஹெல்மெட்டும் அதைத் தாண்டியாக வேண்டும். இந்த மூன்றில் எது இருந்தாலும் போதும். இரண்டு இருந்தால் இன்னும் நல்லது.

ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் வெறும் 'சி.இ.' என்ற இரண்டு எழுத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். அதை அச்சடிப்பது எளிது. 1078 என்ற எண்ணும், சென்டிமீட்டரில் தலைச்சுற்றளவும், கிராமில் எடையும், தயாரித்த ஆண்டும் அந்தச் சீட்டிலேயே இருக்க வேண்டும். தயாரித்த ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். சின்ன ஊர்க் கடைகளில் நாலைந்து வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் பட்டே கிடந்த சரக்கும் புதியது என்று கைக்கு வரும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் ஐ.எஸ். 4151, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கானது. "வீட்டில் பைக் ஹெல்மெட் இருக்கிறது, அதையே போட்டுக்கொண்டு போகிறேன்" என்பவர்கள் நிறைய. பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் கனம், காற்றே புகாது, காது அடைத்துப் பின்னால் வரும் ஹாரன் மந்தமாகக் கேட்கும். ரோடு சைக்கிளில் குனிந்து, முகத்தைத் தூக்கிப் பார்த்தபடி அரை மணி ஓட்டினால் பின்கழுத்து விண்விண் என்று தெறிக்கும். அப்புறம் அது ஹேண்டில்பாரில்தான் தொங்கும். தலைகீழாகவும் செய்யக் கூடாது: சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவது சட்டப்படியும் செல்லாது, அந்த வேகத்துக்கு அது செய்யப்பட்டதும் இல்லை. கட்டட வேலைக்கான மஞ்சள் தொப்பியைச் சிலர் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுகிறார்கள். மேலிருந்து விழும் பொருளைத் தாங்குவது அதன் வேலை. பக்கவாட்டில் விழும் தலைக்கு அதில் ஒன்றுமே இல்லை.

தலையை அளப்பது

தையல் டேப் போதும். இல்லாவிட்டால் நீளாத நூல் ஒன்றைச் சுற்றி, ஸ்கேலில் வைத்து அளக்கலாம். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் டேப்பை வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை அதிகமாகத் துருத்தும் இடத்தைச் சுற்றி வாருங்கள். டேப் பின்னால் சரிந்துவிடும். வேறொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பல தயாரிப்பாளர்களிடம் சிறியது 51 முதல் 55, நடுத்தரம் 55 முதல் 59, பெரியது 59 முதல் 63 சென்டிமீட்டர் என்ற மாதிரி இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் இரண்டு சென்டிமீட்டர் இப்படி அப்படி மாறும் என்பதால், முன்பு வாங்கியது நடுத்தரம் என்பதற்காக இதிலும் நடுத்தரம் எடுக்காதீர்கள்.

59 மாதிரி எல்லையில் நிற்கிறவர்கள் இரண்டு அளவையும் போட்டுப் பார்த்தே தீர வேண்டும். 'ஃப்ரீ சைஸ்' என்று 54 முதல் 62 வரை ஒரே ஓட்டில் வருவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சின்னத் தலைக்காரருக்கு ஓடு கொட்டாங்கச்சி மாதிரி ஆடும். பின்னால் இருக்கும் திருகை இறுக்கி இறுக்கித்தான் அதை நிறுத்த முடியும், இறுக்கினால் நெற்றி வலிக்கும்.

சுற்றளவு சரியாக இருந்தும் சில ஹெல்மெட் வலிக்கும். தலையின் வடிவம்தான் காரணம். மேலிருந்து பார்த்தால் சிலருக்குத் தலை வட்டம், சிலருக்கு முன்பின்னாக நீண்ட முட்டை வடிவம். நீள்தலைக்காரர் வட்ட ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றியிலும் பின்மண்டையிலும் மட்டும் குத்தும், இரண்டு பொட்டுப் பக்கமும் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். வட்டத்தலைக்காரர் நீள ஹெல்மெட்டைப் போட்டால் பொட்டுகள் இரண்டும் நெரிபடும், முன்னும் பின்னும் நகரும். பேடைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யக்கூடிய குறை இல்லை இது. வேறு கம்பெனியைப் பாருங்கள்.

கடையில் போட்டுப் பார்க்கும் முறை

முதலில் பின்பக்கத் திருகை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். தலையில் வைத்து, கையை எடுங்கள். ஓடு சுற்றிலும் ஒரே மாதிரி உட்கார வேண்டும்; எந்த இடத்திலும் குத்தக் கூடாது, எந்தப் பக்கத்திலும் சுண்டுவிரல் தாராளமாக நுழையக் கூடாது. பிறகு திருகை மெதுவாக இறுக்குங்கள். இரண்டு மூன்று 'கிளிக்'கிலேயே பிடிமானம் வந்துவிட்டால் அளவு சரி. கடைசி வரை திருகியும் ஆடினால் ஓடு பெரியது. திருகு என்பது கடைசி மில்லிமீட்டருக்கு மட்டும். பெரிய ஹெல்மெட்டைச் சின்னத் தலைக்குப் பொருத்தும் கருவியாக அதை நினைக்கக் கூடாது.

ஹெல்மெட் நேராக உட்கார வேண்டும். முன்விளிம்பு புருவத்திலிருந்து இரண்டு விரலுக்கு மேல் ஏறக் கூடாது. நம் சாலைகளில் எதிரே வரும் ஓட்டுநர்களைக் கவனித்தால், முக்கால்வாசிப் பேர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளுகிற மாதிரி நெற்றி முழுவதும் தெரியப் போட்டிருப்பார்கள். காற்று படுகிறது என்பதற்காக. முன்னால் கவிழ்ந்து விழும்போது முதலில் படுவது அந்த நெற்றிதான்.

வாரைக் கட்டாமலே, திருகை மட்டும் இறுக்கி, கொஞ்சம் குனிந்து தலையை இடவலமாக ஆட்டுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து வர வேண்டும். கையால் பிடித்து இடவலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் அப்படியே நிற்க ஹெல்மெட் மட்டும் சுற்றினால் தளர்வு.

அடுத்ததைப் பெரும்பாலோர் செய்வதில்லை. கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். நீங்கள் ஓட்டப்போவது நிமிர்ந்து இல்லையே. கடைக்காரரிடம் சொல்லி, ஒரு ரோடு சைக்கிளில் உட்கார்ந்து ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக் குனியுங்கள், அல்லது ஒரு மேஜைமேல் முழங்கையை ஊன்றிக் குனியுங்கள். இப்போது நிமிர்த்தாமல் எதிர்ச்சுவரைப் பாருங்கள். ஹெல்மெட்டின் முன்விளிம்போ, தொப்பி நாக்கு மாதிரி நீட்டிய வைசரோ பார்வையின் மேல்பாதியை மறைத்தால் அது உங்களுக்கு ஆகாது. கரடுமுரடான மலைப்பாதையில் ஓட்டும் 'மவுண்டன் பைக்' சைக்கிளுக்கான ஹெல்மெட்டில் வைசர் இருக்கும். ஆடிக்காற்றில் எதிர்த்து மிதிக்கும்போது அது பாய்மரம் மாதிரித் தலையைத் தூக்கும். ரோடு சைக்கிளுக்கு வைசர் இல்லாததே பொருத்தம். குனிந்த அதே நிலையில், திருகு பொருத்திய பின்மண்டைத் தாங்கி கழுத்துச் சதையில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே சோதியுங்கள். கண்ணாடிக் காம்பும் தாங்கியும் காதுக்கு மேல் மோதிக்கொண்டால் பத்தாவது கிலோமீட்டரில் தலைவலி நிச்சயம்.

கடைசியாக, பத்து நிமிடம் போட்டுக்கொண்டே கடைக்குள் நடங்கள். கழற்றியதும் நெற்றியைப் பாருங்கள். ஒரே சீராக லேசான சிவப்புப் பட்டை இருந்தால் நல்லது. நாலணாக் காசு அளவில் ஒரே இடத்தில் அடர்ந்த சிவப்பு என்றால் அங்கே அழுத்துகிறது. "போடப் போடத் தளர்ந்துடும்ண்ணே" என்று கடைக்காரர் சொல்வார். செருப்புத் தளரும், தெர்மாகோல் தளராது.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திருப்பி அனுப்பும் வசதி இருப்பதை மட்டும் வாங்கி, இதே சோதனைகளை வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். சீட்டைக் கிழிக்காதீர்கள். பழைய ஹெல்மெட்டை மட்டும் எவ்வளவு தெரிந்தவர் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அது எங்கே விழுந்தது என்று அவருக்கே நினைவிருக்காது.

வாரும் பக்கிளும்

நல்ல ஹெல்மெட்டை வாங்கி, வாரைச் சரிசெய்யாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஐந்து நிமிட வேலை அது.

இரண்டு பக்கமும் காதுக்கு முன்னால் ஒரு வார், பின்னால் ஒரு வார் இறங்கி வரும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பூட்டு. அதை நெம்பித் திறந்து, காது மடலுக்குச் சரியாகக் கீழே வரும்படி நகர்த்தி மூடுங்கள். வார்கள் காதைச் சுற்றி 'வி' மாதிரி நிற்க வேண்டும். காதின் மேல் உரசக் கூடாது, முறுக்கிக்கொள்ளவும் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே உயரம். பிறகு தாடைக்குக் கீழே பக்கிளைப் பூட்டி, வாருக்கும் தொண்டைக்கும் நடுவே ஒன்று அல்லது இரண்டு விரல் நுழையுமளவு இழுங்கள். அகலமாகக் கொட்டாவி விடுங்கள். ஹெல்மெட் உச்சந்தலையைக் கீழே அழுத்துவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் இழுங்கள்.

இப்போது உள்ளங்கையை முன்விளிம்புக்கு அடியில் வைத்து மேலே, பின்னே தள்ளுங்கள். நெற்றி வெளியே வந்துவிட்டால் முன்வார் நீளம். அதைக் குறைக்க வேண்டும். பின்விளிம்பைப் பிடித்து முன்னே தள்ளும்போது கண்ணை மறைத்தால் பின்வார் நீளம். முன்னதைச் சரிசெய்ததும் பின்னது மாறும். இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிப் பாருங்கள். மிஞ்சிய வார்நுனி காற்றில் படபடக்காமல் ரப்பர் வளையத்துக்குள் செருகிவிடுங்கள். வாரைக் கத்தரிக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் சில நைலான் வார்கள் சற்று நீளும். நாள் முழுக்க மழையில் ஓட்டினால் நடுவில் ஒரு முறை கொட்டாவிச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு வந்தவர்கள் அதே ஹெல்மெட்டை எடுத்தால் நிச்சயம் ஆடும். திருகையும் வாரையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். மொட்டைத் தலையில் காற்றுத் துளை வழியே வெயில் கோடு கோடாகச் சுடும் என்பதால் மெல்லிய சைக்கிள் தொப்பி ஒன்றை உள்ளே போடலாம். அதற்கு மேல் தடிமனாக எதுவும் வேண்டாம். துண்டைத் தலையில் சுற்றி அதன்மேல் ஹெல்மெட் வைப்பது வியர்வைக்கு நல்லதுபோலத் தோன்றும். விழும் நேரத்தில் துண்டு வழுக்கி ஹெல்மெட் எங்கோ போகும். கொண்டையும் அப்படித்தான். பின்னலை, பின்மண்டைத் தாங்கிக்குக் கீழே வருமாறு தாழ்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். கிளிப், ஊசி, பூவைச் செருகிய கொக்கி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடி படும்போது அவை தலைக்குள்தான் குத்தும்.

வெயில், வியர்வை, பூச்சி

ஹெல்மெட் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் முதல் காரணம் புழுக்கம். உலகப் பந்தயக்காரர்களும் அதையேதான் சொல்லி நெடுநாள் மறுத்தார்கள். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் விழுந்து தலைக்காயத்தில் இறந்த பிறகுதான் சர்வதேச சைக்கிள் பந்தயக் கூட்டமைப்பான யூ.சி.ஐ. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அப்போதும் கடைசி மலையேற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்று வெப்பத்துக்காக ஒரு சலுகை இருந்தது; பின்னர் அதையும் எடுத்துவிட்டார்கள். புழுக்கம் நிஜமான பிரச்சினை. அதனால்தான் காற்றோட்டத்தைச் சொகுசு என்று ஒதுக்காமல் பாதுகாப்போடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். சித்திரை வெயிலில் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளத் தூண்டும் ஹெல்மெட், எத்தனை முத்திரை இருந்தாலும் தலையில் இல்லை.

துளைகளை எண்ணிப் பார்ப்பதில் பயன் குறைவு. ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். முன்துளையில் புகும் காற்று பின்துளை வரை ஓட தெர்மாகோலில் ஆழமான வாய்க்கால் வெட்டியிருக்கிறார்களா? வயலுக்குத் தண்ணீர் பாய்வது மாதிரிதான். மதகு மட்டும் பெரிதாக இருந்து வாய்க்கால் இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? நெற்றிப் பேடுக்கு மேலே காற்று நுழைய இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். துளை குறைத்து வழவழப்பாகச் செய்த 'ஏரோ' வகை போட்டிக்காரர்களுக்கானது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடலோர ஈரக்காற்றில் அதைப் போட்டால் வியர்வை ஆவியாக வழியே இருக்காது.

நெற்றிப் பேட் ஊறி, உப்புநீர் கண்ணில் வழிவது தொல்லை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. நிறுத்தும் இடங்களில் ஹெல்மெட்டை நெற்றியோடு சேர்த்து அழுத்தினால் பேடிலிருந்து நீர் வடிந்துவிடும். மெல்லிய வியர்வைப் பட்டை ஒன்றும் உதவும். பேட் கழற்றித் துவைக்கும் வகையாக இருக்க வேண்டும், மாற்றுப் பேட் கிடைக்க வேண்டும். இரண்டையும் வாங்கும்போதே கேளுங்கள்.

வயலோரச் சாலையில் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பூச்சிகள் முகத்தில் அறையும். வண்டோ தேனீயோ முன்துளைக்குள் புகுந்துவிட்டால் கைகள் தானாக ஹேண்டில்பாரை விட்டுவிடும். முன்துளைகளில் உள்ளே மெல்லிய வலை வைத்த மாடல்கள் உண்டு. இந்தப் பகுதியில் மாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அந்த வலை மிக முக்கியம் என்பது எங்கள் கருத்து.

எடை, நிறம், மஞ்சள் வலை

ரோடு சைக்கிள் ஹெல்மெட் பொதுவாக 200 முதல் 350 கிராம். 300 கிராமுக்குள் இருந்தால் போதும். அதற்குக் கீழே ஒவ்வொரு 20 கிராமுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுப்பதில் கழுத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, நம்முடையது சமவெளி.

வெள்ளை, பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு இவற்றில் ஒன்றை எடுங்கள். பச்சை நாற்றங்காலுக்கும் மூங்கில் புதருக்கும் நடுவே பச்சை ஹெல்மெட் கரைந்துபோகும். கறுப்பு, மார்கழிப் பனிமூட்டத்தில் அருகே வரும்வரை தெரியாது.

சாய்வாக விழும்போது தலை சுழன்று திரும்புவதும் மூளைக்குக் கேடு. அதற்காக 'மிப்ஸ்' என்ற ஸ்வீடன் நாட்டு ஏற்பாடு இருக்கிறது. பேடுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் வலை, பெரும்பாலும் மஞ்சள் நிறம். மோதும்போது அது எந்தத் திசையிலும் 10 முதல் 15 மில்லிமீட்டர் வழுக்கிக் கொடுக்கும். ஓட்டைப் பிடித்துக்கொண்டு உள்வலையை விரலால் தள்ளினால் நகர வேண்டும். அசையாமல் ஒட்டியிருந்தால் அது வெறும் மஞ்சள் பிளாஸ்டிக். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திர மதிப்பு வெளியிடுகிறது. நல்ல மதிப்பு வாங்கியவற்றில் விலை குறைந்தவையும் உண்டு. பணம் இருந்தால் மிப்ஸ் வாங்குங்கள். மிப்ஸ் இருந்து தலைக்குப் பொருந்தாததைவிட, இல்லாமல் கச்சிதமாகப் பொருந்துவது மேல்.

சின்னப் பிள்ளைகளுக்கு இ.என். 1080 என்று தனி விதி உண்டு. ஏதாவது ஒன்றில் மாட்டித் தொங்கினால் தானாக விட்டுக்கொடுக்கும் பக்கிள் அதில் இருக்கும். எந்த ஹெல்மெட் ஆனாலும், சைக்கிளை விட்டு இறங்கி மரமேறவோ ஊஞ்சலாடவோ போகும் முன் கழற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் வைப்பதும் தூக்கிப் போடுவதும்

தெர்மாகோலுக்கு எதிரிகள் சூடும் கரைப்பானும். மே மாதத்தில் மூடிய காருக்குள்ளே, தகரக் கொட்டகையின் கூரையை ஒட்டி, ஸ்கூட்டர் டிக்கிக்குள் வைக்காதீர்கள். ஓட்டில் குமிழ் குமிழாகப் புடைத்திருந்தால் அது சூட்டில் போனது என்று பொருள். விவசாயிகள் வீட்டில் மோட்டார் கொட்டகைதான் எல்லாவற்றுக்கும் அலமாரி. அங்கே டீசல் கேனும் பூச்சிமருந்தும் இருக்கும் பரணில் ஹெல்மெட்டை வைக்க வேண்டாம். பெட்ரோலோ தின்னரோ ஒரு சொட்டுப் பட்டாலே தெர்மாகோல் குழிந்து உருகும். அதனால்தான் பெயிண்ட் அடிப்பதும், பசை மிகுந்த ஸ்டிக்கர் ஒட்டுவதும், பெட்ரோல் தொட்டுத் துடைப்பதும் கூடாது.

வாரம் ஒரு முறை, வெந்நீர் இல்லாமல் சாதாரணத் தண்ணீரும் ஷாம்பூவும் போட்டு மென்துணியால் துடையுங்கள். பேடைத் தனியே கசக்கி நிழலில் உலர்த்துங்கள். தேங்காயெண்ணெய் வைத்த தலையோடு ஓட்டினால் பேட் வழுவழுப்பாகி ஹெல்மெட் இறங்கிவரும். எண்ணெய்த் தலைக்காரர்கள் இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டும். உலர்ந்த பேடைத் திரும்ப ஒட்டும்போது அதே இடத்தில் ஒட்ட, கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது வசதி.

விழுந்து தலை தரையில் பட்டிருந்தால், வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும் அந்த ஹெல்மெட்டின் வேலை முடிந்தது. சந்தேகம் இருப்பவர்கள் எல்லாப் பேடையும் பிரித்து, காலை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மயிரிழை மாதிரி ஒரு விரிசல், துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள குறுகிய பாலத்தில்தான் முதலில் தெரியும். தெர்மாகோல் மணிகள் ஓரிடத்தில் தட்டையாகப் பளபளக்கும். இரண்டு கையாலும் பக்கங்களை லேசாக அழுத்தினால் 'கறுக்' என்று மெல்லிய சத்தம் வரும். இதில் எதுவுமே தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கலாம், அதனால்தான் மாற்றச் சொல்கிறோம். விழாமலே இருந்தாலும், தினமும் ஓட்டுகிறவர்கள் மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் மாற்றுவது நல்லது. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் மூன்றை ஒட்டியே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வார் நைந்தாலோ, பக்கிள் ஒரே 'கிளிக்'கில் பூட்டாவிட்டாலோ, எலி கடித்திருந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

பழையதைத் தூக்கிப் போடும் முன் கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பக்க வார்களையும் வெட்டிவிடுங்கள். முழுதாகக் குப்பையில் கிடந்தால் யாராவது எடுத்துத் துடைத்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு மாட்டிவிடுவார்கள்.